வரிசையில் முதல் வண்டி

டிசம்பர் 2

ஜனவரியில் உரக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக அடுப்படியில் மாவு டப்பாவுக்கு மூடியாக இருந்தது. இன்று துடைத்து எடுத்துக்கொண்டேன். "அப்ப டப்பாவுக்கு?" என்று மாதேஸ்வரி கேட்டாள். தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு எதையும் நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

டைரிக்குக் காரணம் இருக்கிறது. நாளை என் காரின் பெட்ரோல் டேங்கை நானே இறக்கப் போகிறேன். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டால் மாட்டும்போது குழப்பம் வராது.

போன வாரம் முழுக்க வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இருமி இருமி நின்றது. டேங்குக்குள் துரு. பம்பும் போய்விட்டது. ஏற்காட்டில் எங்கள் டாக்சி ஸ்டாண்டு வண்டிகளுக்கெல்லாம் வைத்தியர் மெக்கானிக் லூர்து. அவனிடம் காட்டினேன். டீக்கடையில் அத்தனை பேர் முன்னால், "செங்கோடா, இத எடைக்குப் போட்டுட்டு வேற வண்டி பாரு" என்றான். சிரிப்பு வேறு.

"இனிமே என் வண்டிய நீ தொட வேண்டாம். நானே பாத்துக்கறன்" என்றேன்.

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி. தொடல" என்றான். அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

டிசம்பர் 3

டேங்கை இறக்கினேன். கழுவினேன். உள்ளே இருந்து வந்ததை வைத்து ஒரு செம்மண் பாத்தியே கட்டலாம். வெயிலில் காய வைத்து, புது ஃபில்டர், புது பம்பு எல்லாம் போட்டு மறுபடி ஏற்றினேன். பழைய பம்பின் சொருகும் தலை வேறு மாதிரி, புதியதில் வேறு மாதிரி. வெட்டிவிட்டு வயரோடு வயரை முறுக்கி டேப் சுற்றினேன். இரண்டே வயர், இரண்டும் கறுப்பு. கம்பசூத்திரம் ஒன்றுமில்லை.

ஒரு போல்ட் மிச்சம் ஆகிவிட்டது. தேவையில்லாத போல்ட்டாக இருக்கும். கம்பெனிக்காரன் ஒன்று கூடுதலாகப் போட்டிருப்பான்.

டிசம்பர் 4

ஸ்டார்ட் ஆகவில்லை.

டிசம்பர் 4, மாலை

காலையில் கோபத்தில் ஒரு வரியோடு மூடிவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். சாவியைத் திருப்பினால் பின் சீட்டுக்கு அடியில் பம்பு "ங்ங்" என்று பாடுகிறது. அழகாகப் பாடுகிறது. என்ஜினும் சுற்றுகிறது. பிடிக்க மாட்டேன் என்கிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, குச்சி விட்டே பார்த்துவிட்டேன். பேட்டரி நன்றாக இருக்கிறது. வைத்து வைத்து அடித்ததில் இப்போது அதுவும் கொஞ்சம் சோர்ந்துவிட்டது.

மாதேஸ்வரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "லூர்தண்ணனக் கூப்புடட்டுங்களா?" என்றாள். கூப்பிட்டால் நான் சேர்வராயன் மலையேறி அப்படியே போய்விடுவேன் என்றேன். "சாப்புட்டுட்டுப் போங்க" என்றாள்.

டிசம்பர் 5

எங்கள் ஸ்டாண்டைப் பற்றி எழுதாவிட்டால் இன்று நான் செய்த காரியத்தின் புத்திசாலித்தனம் புரியாது.

மொத்தம் ஒன்பது வண்டி. ஸ்டாண்டு சரிவில் இருக்கிறது. எல்லா வண்டியும் மூக்கைக் கீழே வைத்து வரிசையாக நிற்கும். முதல் வண்டிக்குத்தான் சவாரி. அது கிளம்பினால் பின்னால் இருப்பவர்கள் என்ஜினைப் போடுவதில்லை. ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு உருட்டுவோம். உருளாவிட்டால் இறங்கித் தள்ளுவோம். ஒருவன் வண்டியை இன்னொருவனும் தள்ளுவான். பெட்ரோல் மிச்சம் என்று எந்தக் காலத்திலோ ஆரம்பித்த பழக்கம். பனிக்காலத்தில் சவாரி குறைவு, அதனால் ராத்திரியும் வண்டி வரிசையிலேயே நிற்கும்.

என் வீடு ஸ்டாண்டுக்கு மேலே, அதே சரிவில். இன்று விடியற்காலை நல்ல பனிமூட்டம். கியரை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டேன். ஒரு ஆளுக்கும் தெரியாது.

ஏன் இந்தத் திருட்டுத்தனம் என்றால், ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. ஓடாத வண்டி ஒரு வாரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நம்பர் அடுத்தவனுக்குப் போய்விடும். அந்த அடுத்தவன் ராபின். புது வண்டி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். ராபின் யார் என்றால் ஸ்டாண்டு செகரட்டரி பாஸ்கோவின் மச்சினன். என் நம்பர் மேல் பாஸ்கோவுக்கு ஒரு கண் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இல்லாமலும் இருக்காது.

அது மட்டும் இல்லை. ரோஸ்லின் டீச்சர் இருக்கிறார். எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. வீட்டுக்காரர் குவைத்தில். வேறு யார் வண்டியில் ஏறினாலும் நாலாவது வளைவில் டீச்சருக்கு வாந்தி. என் கை மட்டும்தான் ஒத்துக்கொள்ளும். "நேரம் வந்தா நீங்கதான்ணா சேலத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று ஐந்தாம் மாதமே சொல்லி வைத்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டேன். கிறிஸ்துமஸ் ஒட்டித் தேதி. அதற்குள் சரிசெய்துவிடுவேன். இது என்ன பெரிய விஷயம்.

டிசம்பர் 6

இரண்டு சவாரி. வரிசை இரண்டு முறை நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சிராஜ் பின்னால் நின்று தள்ளினான். நல்ல பையன். மூன்று வருஷமாக அவனுக்குப் பெண் தேடுகிறார்கள்; டிரைவர் என்றதும் எல்லோரும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்களாம்.

"என்னண்ணே, வண்டி முன்ன மாதிரி இல்ல, லேசா உருளுதே. டேங்க்கு கழுவினதாலயா?" என்றான்.

"பின்ன? வேல செஞ்சது யாரு?" என்றேன்.

டிசம்பர் 8

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்த்தேன். நீலமாக, ஜோராக வருகிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஃபில்டர் அம்புக்குறிப்படி மாட்டியிருக்கிறது. பிறகு பின் சீட்டைத் தூக்கி, பம்புக்கு மேலே இருக்கும் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தேடற செங்கோடா?" என்று முதுகுக்குப் பின்னால் பாஸ்கோவின் குரல்.

"சீப்பு விழுந்துருச்சு" என்றேன்.

அவன் போய்விட்டான். என் தலையில் சீப்புக்கு வேலை இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பாஸ்கோ கவனித்திருக்க மாட்டான். அவன் எப்போதும் வேறு யோசனையில் இருப்பவன்.

டிசம்பர் 9

என்ஜின் பக்கத்தில் பெட்ரோல் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். பம்பு பாடுகிறது. குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. நடுவில் அடைப்பு என்று நினைத்து சைக்கிள் பம்பு வைத்து ஊதினேன். காற்று இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வருகிறது. அடைப்பும் இல்லை.

சாப்பிடும்போது மாதேஸ்வரி அவள் வேலை பார்க்கும் மாவு மில்லின் கதையைச் சொன்னாள். மில்லுக்குப் பின்னால் தண்ணி மோட்டார் ஒன்று இருக்கிறது. காயில் கருகிப் போய், புதிதாகக் கட்டக் கொடுத்து வாங்கி மாட்டினார்களாம். மோட்டார் நன்றாக ஓடுகிறதாம், தொட்டிக்குத் தண்ணீரே ஏறவில்லையாம். அரை நாள் எல்லோரும் முழித்துக்கொண்டு நின்றார்களாம். அப்புறம் வயரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள், மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது என்று ஒருத்தர் கண்டுபிடித்தாராம்.

"வயர மாத்திக் குடுத்ததும் கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சுங்க" என்றாள்.

நான் இங்கே உயிரை விட்டுக்கொண்டிருக்கிறேன், இவளுக்கு மில்லில் தண்ணி வந்த கதை. ரசம் ஊற்றச் சொன்னேன்.

டிசம்பர் 10

ஒரு சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்து, காற்று போகிற வாயில் பீய்ச்சிவிட்டு சாவியைத் திருப்பினேன். வண்டி பிடித்துக்கொண்டது. என்ன கம்பீரமான சத்தம். பீய்ச்சினது தீர்ந்ததும் அணைந்துவிட்டது. டீக்கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானேதான் ஆஃப் பண்ணினன்" என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்லி வைப்பது நல்லது.

இனி சந்தேகமே இல்லை, பெட்ரோல் என்ஜினுக்குப் போகவில்லை. ஏன் என்பதுதான் பாக்கி.

டிசம்பர் 11

இன்று நான் முதல் வண்டி. பத்து மணி வாக்கில் ஒரு குடும்பம் பெட்டியோடு வந்து நின்றது. சேலம் ஜங்ஷன் போக வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் சிராஜ் ஓடி வந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எங்க மாமியாருக்கு சேலத்துல கண் ஆபரேஷன். நான் போயே ஆகணும். இந்த சவாரிய எனக்குக் குடுங்க. நீங்க முதல் எடத்துலயே இருங்க."

பெரியவர்களுக்குக் கண் என்றால் சும்மாவா. பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன். அந்தக் குடும்பத்தின் பெட்டிகளை நானே தூக்கி அவன் டிக்கியில் அடுக்கினேன். ஆண்டவன் என் பக்கம் இருக்கிறான்.

டிசம்பர் 12

ஆண்டவன் இன்றும் இருந்தான். ஓமலூர் சவாரி ஒன்று வந்தது. பாஸ்கோ குறுக்கே வந்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு கையெழுத்து வேலை இருக்கிறது, அந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று வாங்கிக்கொண்டான். ஸ்டாண்டு செகரட்டரிக்கு ஆயிரம் வேலை. கொடுத்தேன்.

அதைவிடப் பெரிய கண்டம் மாலையில். வாரம் ஒருமுறை பாஸ்கோ வரிசையில் நடந்து ஒவ்வொரு வண்டியாக என்ஜினைப் போடச் சொல்லி, காதால் கேட்டு, "ஓடுது" என்று குறித்துக்கொள்வான். சட்டத்துக்காக. என் பானட் பக்கம் வந்து நின்றான். நான் சாவியைத் தொட்டேன். சரியாக அந்த நேரம் பின்னாலிருந்த சிராஜ் தன் வண்டியை ஆக்சிலேட்டரில் வைத்து அலற விட்டான். பாஸ்கோ தலையை ஆட்டி, "செங்கோடன், ஓடுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

பாஸ்கோவுக்குக் காது மந்தம் ஆகிவருகிறது. பாவம், வயசு.

டிசம்பர் 13

சிராஜ் டீ வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, எங்க மச்சான் வண்டி டேங்க்கு வேல செஞ்சதுக்கு அப்பறம் ஸ்டார்ட் ஆகலயாம். பம்பு சத்தம் வருதாம். என்னவா இருக்கும்?"

உலகத்தில் எனக்கு மட்டும் இல்லை இந்தக் கஷ்டம் என்று ஒரு ஆறுதல். பொறி பார்க்கச் சொன்னேன், ஃபியூஸ் பார்க்கச் சொன்னேன், ஃபில்டர் அம்புக்குறி, குழாய் அடைப்பு எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவன் ஒவ்வொன்றுக்கும் "அதெல்லாம் பாத்துட்டாராம்ணே" என்றான்.

"பம்பு வயர மாத்திக் குடுத்திருப்பாரோ?" என்று அவனே கேட்டான்.

"உங்க மச்சான் அவ்வளவு விவரம் இல்லாத ஆளா?"

சிராஜ் மிச்ச டீயைக் குடித்து முடித்தான். "விவரமான ஆளுதான்ணே. ஆனா யார் சொன்னாலும் காதுல ஏறாது" என்று சொல்லிவிட்டு கிளாசை எடுத்துக்கொண்டு போனான். அந்த மச்சானை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

டிசம்பர் 14

மழை. ஒருத்தரும் வரவில்லை. நன்றி.

டிசம்பர் 15

ரோஸ்லின் டீச்சர் ஸ்டாண்டு வழியாக நடந்து வந்தார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் வண்டி பக்கத்தில் நின்றார்.

"முதல் வண்டியா நிக்கறீங்களே அண்ணா. எனக்காகவா?"

நான் சிரித்தேன். என்ன சிரிப்போ, எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"மாமியாருக்கு ஒரே பயம். நான் சொல்லிட்டேன், செங்கோடண்ணா வண்டி ஓட்டினா குழந்தைக்கு ரோடே தெரியாதுன்னு."

கதவைத் திறந்து கொஞ்ச நேரம் முன் சீட்டில் உட்கார்ந்து இளைப்பாறினார். என் வண்டிக்குள் உட்கார்ந்து, என் வண்டியின் பிளாஸ்டிக் பூமாலையை நேராக்கிவிட்டு எழுந்து போனார். எனக்கு அழுகை வந்துவிடும் போல் இருந்தது. வந்தது என்றே எழுதுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

டிசம்பர் 16

பாஸ்கோவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அவன் வண்டி வரிசையில் ஆறாவது. ஆனால் இரண்டு நாளாக அதை வரிசையை விட்டு வெளியே, ரோட்டைப் பார்த்து நிறுத்தியிருக்கிறான். காலையில் என்ஜினைப் போட்டுச் சூடாக்கி வைக்கிறான். மத்தியானம் ஒரு தடவை. சாயங்காலம் ஒரு தடவை. வண்டியைத் தள்ளிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவன் இவன்தான். பின் சீட்டில் கம்பளியும் தலையணையும் வேறு. தூங்குவதற்காக இருக்கும். செகரட்டரி ஆகிவிட்டால் எல்லாம் செய்யலாம்.

டிசம்பர் 17

முடிவெடுத்தேன். மானம் போனால் போகட்டும், லூர்துவிடம் போய்க் கேட்டுவிடுவது. ஷெட்டுக்குப் போனேன். அவன் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான்.

"என்ன செங்கோடா?"

"பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். என்னிடமே இரண்டு பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் இருக்கிறது. அவன் படுத்தபடியே எடுத்து நீட்டினான்.

"வேற எதாச்சும் வேணுமா?"

"வேண்டாம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். தொண்டை வரைக்கும் வந்தது. "வேண்டாம்" என்றேன்.

இப்போது என்னிடம் மூன்று ஸ்பேனர் இருக்கிறது.

டிசம்பர் 18

தினமும் முதல் இடம். இன்று வந்த சவாரியை நாலாவது வண்டி பழனிவேலு வாங்கிக்கொண்டான். தெரிந்த பார்ட்டியாம். எல்லோருக்கும் ஏதாவது ஒரு அவசரம் இருந்துகொண்டே இருக்கிறது இந்த ஊரில். எனக்கு ஒன்று மட்டும்தான் அவசரம். டீச்சர் இன்னும் ஒரு வாரம் தாங்கட்டும்.

டிசம்பர் 19

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் பனி விலகுகிற நேரம். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. டீச்சரின் மாமியார். "தம்பி, வலி எடுத்துருச்சு. சீக்கிரம் வாங்க" என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. துணியைக் கீழே போட்டேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். பம்பு பாடியது. என்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. இப்போதாவது, என் சாமி, இந்த ஒரு தடவை என்று கேட்டேன். பேட்டரி முனகியது.

இறங்கினேன். எல்லோரும் டீக்கடை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்கோ, சிராஜ், பழனிவேலு, எல்லோரும்.

"டீச்சருக்கு வலி எடுத்துருச்சு" என்றேன். "என் வண்டி ஸ்டார்ட் ஆகாது. டேங்க்கு இறக்கினதுல இருந்தே ஆகல. ஒரு நாள்கூட ஓடல. உங்ககிட்ட எல்லாம் பொய்யா நின்னுக்கிட்டு இருந்தன். என் நம்பர எடுத்துக்கங்க. இப்ப யாராச்சும் டீச்சரக் கூட்டிட்டுப் போங்க."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னை முதலில் தாக்கியது.

"தெரியும்" என்றான் பாஸ்கோ.

"என்ன தெரியும்?"

"எல்லாம். மொதல் நாளே உங்க சம்சாரம் வந்து சொல்லிருச்சு. யாரும் அவருகிட்ட கேக்காதீங்க, அவரா வாயத் தொறந்து சொல்லட்டும்னுச்சு. நீ வாயத் தொறக்க இத்தன நாள் ஆகும்னு அதுக்கே தெரியல." பேசிக்கொண்டே தன் வண்டிச் சாவியை என் கையில் வைத்து மூடினான். "வண்டி சூடா இருக்கு. கம்பளி, தலையாணி, தண்ணி எல்லாம் இருக்குது. டீச்சருக்கு வேண்டியது உன் கை. வண்டி யாருதா இருந்தா என்ன? கெளம்பு."

நான் அப்படியே நின்றேன். சிராஜ் என்னைப் பிடித்துத் தள்ளி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான். என் வண்டியைத் தள்ளித் தள்ளி அவனுக்குப் பழகிவிட்டது.

டீச்சரைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம்; மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். இருபது வளைவு. வலி வரும்போது மெதுவாக, விடும்போது வேகமாக. கண்ணாடியில் டீச்சரின் முகம் தெரியும். அது சுருங்கும்போது நான் பிரேக்கில் கால் வைத்துக்கொள்வேன். நடுவில் ஒருமுறை வலி விட்டதும், "வண்டி மாறியிருக்கேண்ணா" என்றார்.

"ஆமாங்க டீச்சர்."

"பாஸ்கோ அண்ணன் போன வாரமே வந்து சொல்லிட்டாரு. வண்டி வேறயா இருக்கும், ஆளு அவருதான், பயப்படாதீங்கன்னு."

ஆக, டீச்சருக்கும் தெரியும். அன்றைக்கு வேண்டுமென்றேதான் வந்து என் வண்டியில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். மொத்த ஊருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்தன்தான் மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. பாஸ்கோவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ராபினுக்கு என் நம்பர் வேண்டுமென்றால் அவன் அன்றைக்கே வாங்கிக் கொடுத்திருக்கலாம். பத்தாவது வளைவில்தான் தோன்றியது, சிராஜுக்குக் கல்யாணமே ஆகவில்லை, மாமியார் எங்கிருந்து வந்தார் என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் வலியிலும், "என்னண்ணா சிரிக்கறீங்க?" என்றார். பொண்ணு பொறந்ததும் சொல்றன் என்றேன்.

பெண்தான் பிறந்தது. மத்தியானம். அம்மாவும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். டீச்சருக்கு ஒரு வளைவில்கூட வாந்தி வரவில்லை. இதை எழுதி வைக்கவில்லை என்றால் இந்த டைரியால் என்ன பிரயோஜனம்.

சாயங்காலம் மலையேறி வந்தேன். என் வண்டியின் பின் கதவு திறந்திருந்தது. பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள், அதன்மேல் லூர்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாதேஸ்வரி, மில் வேலை முடிந்து, புடவையெல்லாம் மாவோடு.

"நான் தொடல" என்றான் லூர்து. "சொன்ன சொல்லு சொன்னதுதான். சீட்ட எடுத்தது சிராஜ். பம்பு மூடியத் தொறந்தது பாஸ்கோ."

"என்ன கோளாறு?"

"உங்க வீட்டம்மாவக் கேளு."

மாதேஸ்வரி என்னைப் பார்த்தாள். "மில்லுல தண்ணி மோட்டார் கதை சொன்னன்ல" என்றாள்.

"ஆமா."

"அப்ப நீங்க ரசம் கேட்டீங்க."

உள்ளே குனிந்து டேப்பைப் பிரித்தேன். இரண்டு கறுப்பு வயர். பிரித்து, இதை அதற்கும் அதை இதற்கும் மாற்றி முறுக்கினேன். அவ்வளவுதான் வேலை. பம்பு இத்தனை நாளும் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு, பெட்ரோலைத் தூக்காமல் சும்மா பாடிக்கொண்டு இருந்திருக்கிறது. பேட்டரிக்கு பாஸ்கோ தன் வண்டியிலிருந்து கேபிள் கொடுத்தான். சாவியைத் திருப்பினேன். அதே பாட்டுதான், என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்த நொடி என்ஜின் பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. பழனிவேலு மட்டும், "அண்ணே, நீங்களே ஆஃப் பண்ணிராதீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"லூர்து, நீயும் கொஞ்சம் தொட்டுப் பாரேன்" என்றேன். "ஒரு போல்ட் மிச்சம் இருக்குது. எங்கயோ போடணும் போல."

அவன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு உடனே எழுந்தான். அந்த வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்திருந்தான் என்று நினைக்கிறேன். டேங்கைத் தாங்குகிற பட்டையின் போல்ட்டாம். இன்னும் பத்து வளைவு ஓட்டியிருந்தால் டேங்கு தனியாகச் சேலம் போயிருக்குமாம்.

வேலை முடிந்ததும் பாஸ்கோ செகரட்டரி குரலில், "மொதல் வண்டி சவாரி போயிட்டு வந்துருச்சு. வரிசைல கடைசிக்குப் போகணும்" என்றான். கடைசி இடம் மேட்டில். அங்கே உருட்டிக்கொண்டு போக முடியாது. மாதேஸ்வரியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு, முதல் கியர் போட்டு, எல்லோரையும் தாண்டி மேலே ஏறி, சுற்றி வந்து, ஒன்பதாவது வண்டியாக நின்றேன். கடைசியில் நிற்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

டிசம்பர் 20

மூன்று ஸ்பேனரில் ஒன்றை லூர்துவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

டிசம்பர் 25

டீச்சர் வீட்டிலிருந்து கேக் வந்தது. வீட்டுக்காரர் குவைத்திலிருந்து போனில் பேசினார். ராபினுக்கு அடிவாரத்து ஸ்டாண்டில் இடம் கிடைத்துவிட்டது என்று பாஸ்கோ சொன்னான். அதைச் சொல்லும்போது என் முகத்தை அவன் பார்க்கவில்லை, அவன் முகத்தை நானும் பார்க்கவில்லை.

டைரியைத் திருப்பித் தருகிறீர்களா என்று மாதேஸ்வரி கேட்டாள். தட்டு டப்பாவுக்குச் சரியாகப் பொருந்தவில்லையாம், நழுவி நழுவி விழுகிறதாம். எழுதி முடித்ததும் தருகிறேன் என்றேன்.

டிசம்பர் 29

இன்று காலை பனியில் சிராஜ் வந்தான். அவன் வண்டி சரிவில் இறங்கி வருவது தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. வரிசையில் நிறுத்திவிட்டு, விசிலடித்துக்கொண்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் டீக்கடைக்குப் போனான். நேற்று அவன் வீட்டு வாசலில் ஏதோ கார்புரேட்டரைக் கழற்றி வைத்து உட்கார்ந்திருந்ததாக மாதேஸ்வரி சொன்னாள்.

பண்டிகைக் கூட்டம், வரிசை வேகமாக நகர்ந்தது. அவன் வண்டியை நான்தான் தள்ளினேன். மாலைக்குள் முதல் இடத்துக்கு வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து சேலம் பஸ் ஸ்டாண்டு போக ஒரு புது ஜோடி வந்து நின்றது. சிராஜின் முகம் வெளுத்தது.

நான் நடுவில் போனேன்.

"சிராஜ், கோவிச்சுக்காத. சேலத்துல எங்க பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்ல. இந்த சவாரிய எனக்குக் குடு. நீ முதல் எடத்துலயே இரு."

எனக்குப் பெரியம்மா யாரும் கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.